பூ நிற்கிற வீடு

"அண்ணே, மாப்பிள்ளையோட அம்மை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'முற்றத்துல அந்தப் பூ நிக்கிற வீடுதானே'ன்னு."

கல்யாணத் தரகு பார்க்கும் ஒச்சம்மாள் இதைச் சொன்னதும், பாலையாவின் கையிலிருந்த சாயா அந்த இடத்திலேயே ஆறிப்போனது.

அந்தப் பூ என்றால் சுடுகாட்டுப் பூ. நல்ல பெயர் நித்தியகல்யாணி. அது முற்றத்தில் நிற்பதாலேயே அவர் மகள் மாடத்திக்கு ஒரு கல்யாணமும் கூடவில்லை.

ஷாகுல் ஹமீது முதலாளியின் சுக்குக் கிடங்கில் அவளுக்கு வேலை. அங்கே இந்தச் செடியை வேரோடு காயவைத்துக் கப்பலேற்றுகிறார்கள். ரத்தப் புற்றில் கண்டபடி பெருகும் அணுக்கள், இதிலிருந்து எடுக்கும் மருந்து பட்டால் பெருக வழியில்லாமல் செத்து விழுமாம். முதலாளி சொன்னதைக் கேட்டு வந்தவள் முற்றம் முழுக்க நட்டுவிட்டாள்.

பெண் பார்க்க வந்த மூன்று கூட்டமும் முற்றத்தோடு திரும்பின. மூன்றாவது மாப்பிள்ளை ஓடிய ஓட்டத்தில், எர்ணாகுளம் படகு கிளம்பிப் போய்விட்டதென்று தெரிந்தும் நிற்காமல், நீந்தியே அதை முந்தினான் என்று மட்டாஞ்சேரி முழுக்கப் பேச்சு.

அன்று சாயங்காலம் வரவிருந்தது நான்காவது. பள்ளுருத்தி ரங்கசாமி, துறைமுகத்தில் நிரந்தர வேலை. மாடத்திக்கோ இருபத்தாறு வயது. இதுவும் போனால் இனி யாரும் படியேற மாட்டார்கள்.

மகள் வேலை முடிந்து வருவதற்குள் பாலையா வேட்டியை மடித்துக் கட்டினார். முனிசிபாலிட்டியில் முப்பது வருஷம் புல் செதுக்கிய கை. தொண்ணூறு செடியையும் வேரோடு பிடுங்கி, வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் எறிந்தார். முற்றம் பழனிக்குப் போய்வந்த தலை மாதிரி ஆனது.

சொன்னதற்கு முன்பே, நாலு மணிக்கே மாப்பிள்ளையின் அம்மா சுப்பம்மாள், மகனோடும் எட்டு வயது மகளோடும் வந்தாள். முற்றத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"வீடு மாறி வந்துட்டோம்டா" என்றாள் மகனிடம்.

பாலையா ஓடிப்போய் மறித்தார். இதே வீடுதான் என்றார். பூவா, அப்படியொரு சனியன் இந்த மண்ணில் முளைத்ததே இல்லை என்று தலையிலடித்துச் சத்தியமும் செய்தார்.

சுப்பம்மாளின் முகம் வாடியது. பக்கத்தில் நின்ற சிறுமியின் தலையைத் தடவினாள். முடி இப்போதுதான் அரையங்குலம் முளைத்திருந்தது.

"இவ எனக்குக் கடைசி மோள். ரத்தத்துல புத்து. கப்பல்ல வந்த அந்தப் பூ மருந்து ஏறித்தான் இப்ப எழுந்து நடக்கா. ஊரே பழிச்சாலும் அந்தப் பூவை விடாம வளக்கிற பொண்ணு ஒருத்தி இங்க இருக்கான்னு கேள்விப்பட்டுத்தான், மருமவள்னா அவதான்னு வந்தோம்."

பாலையா மறுபடியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினார்.

வேலை முடிந்து வந்த மாடத்தி கண்டது, கால்வாயில் கழுத்தளவு தண்ணீரில் அப்பாவையும், அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்கும் செடிகளைக் கரையில் நின்று வாங்கி அடுக்கும் மாப்பிள்ளையையும்தான்.