ஏரிக்கரை உளுந்து

“ஏசி ஓடுது. ஆனா குளுரு இல்ல,” என்றான் லாரி டிரைவர் செல்லப்பன்.

பாகூர் கடைத்தெரு முனையில் மெக்கானிக் இருசப்பனின் பட்டறை. வாசலில் லாரி நின்றது. பெட்டி நிறைய மணப்பட்டுக் கடல் எறா, இறால். மெட்ராஸ் துறைமுகத்தில் சரக்கை எடுக்கும் கம்பெனிக்காரன் முதலில் பார்ப்பது எறாவை இல்லை, பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று காட்டும் மீட்டரை. முள் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இப்போது எட்டைத் தொட்டிருந்தது.

அந்த வட்டாரத்துக்கே அதுதான் முதல் ஏசி லாரி. கூட்டம் கூடிவிட்டது.

“நீ டிராக்டர் பாக்கற ஆளு. இதுல கைய வைப்பியா?” என்று இழுத்தான் செல்லப்பன்.

“சுத்தறது எல்லாம் ஒண்ணுதான்பா. நகரு.”

அதற்குள் லாரி முதலாளி கோவிந்தராஜ் தன் அம்பாசிடரில் வந்து இறங்கினார். மீட்டரைப் பார்த்தார். செல்லப்பனைப் பார்த்தார்.

“சரக்கு கெட்டுதுன்னா உனக்கு வேல இல்ல. இப்பவே சொல்லிட்டேன்.”

“கேஸ் போயிருக்கும்,” என்றார் பக்கத்து டீக்கடைக்காரர்.

“கண்ணு பட்டிருக்கும். எலுமிச்சம்பழம் கட்டுங்க,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

இருசப்பன் காதில் வாங்கவில்லை. பெட்டிக்கு அடியில், தனி எஞ்சினோடு தொங்கிக்கொண்டிருந்த மெஷின் பக்கம் குனிந்தான். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். டைட்டாகத்தான் இருந்தது. குழாயில் பதித்திருந்த சின்னக் கண்ணாடியில் டார்ச் அடித்தான்.

“கேஸ் இருக்கு.”

டீக்கடைக்காரர் முகம் வாடியது.

குழாயைத் தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

“இன்னாச்சி?” முதலாளி குரல் உயர்ந்தது. முள் ஒன்பதில் நின்றது.

“சூடு வெளிய போவல. உள்ளயே சுத்திகினு கெடக்கு. ஒரு பேப்பர் குடுங்க.”

டீக்கடையிலிருந்து பஜ்ஜி எண்ணெயோடு ஒரு தினசரித் தாள் வந்தது. மெஷினின் கம்பி வலை எதிரே அதைப் பிடித்தான்.

“காத்தை இழுத்தா பேப்பர் ஒட்டிக்கணும். பாருங்க.”

கூட்டமே குனிந்து பார்த்தது. அவன் கையை எடுத்தான். தாள் பொத்தென்று தரையில் விழுந்தது.

“மூக்கு அடைச்சிருக்கு,” என்றபடி லாரிக்கு அடியில் நுழைந்தான். வெளியே வரும்போது இரண்டு கையும் நிறைய உளுந்துச் செத்தை.

யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறுவடை நாட்களில் உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்து உதிர்த்துக் கொடுக்கும்.

“ஒரு தடவை ஏறினா இவ்ளோ சேராது. போயி வந்து, போயி வந்து ஓட்டியிருக்கணும்,” என்றான் இருசப்பன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முதலாளி செல்லப்பன் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா?”

“ஏரிக்கரைல ஒரு பொம்பள, முதலாளி. காசம்மாள்னு பேரு. புருஷன் ஆசுபத்திரில கெடக்கறான். போர் மிதிக்க மாடும் கெடையாது. காலைலேர்ந்து அந்தப் பக்கம் ஒரு வண்டி வரலியாம். மானம் வேற கருத்துகினு வருது. நனைஞ்சா மொளச்சிடும்னு அழுவுது. அதான், நாலு நடை ஓட்டிக் குடுத்தேன். பாதிகூட முடியல.”

“ஊரான் உளுந்தை மிதிக்கவா நான் லாரி வாங்கினேன்?”

“தப்புதான் முதலாளி.”

“சாவியைக் குடு. வேற டிரைவரை இட்டாந்துக்கறேன். அதுக்கு முன்ன அந்தப் பொம்பளைய ஒரு வழி பண்றேன். ரோடு இன்னா அவ வூட்டுக் களமா? போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை.”

அம்பாசிடர் ஏரிக்கரைப் பக்கம் பறந்தது.

இருசப்பன் டயருக்குக் காற்றடிக்கும் பைப்பை இழுத்துவந்து வலையில் பீய்ச்சினான். செத்தை பறந்து டீக்கடைக்காரர் தலையெல்லாம் அப்பியது. அவர் திட்டினார், ஆனால் நகரவில்லை. பிறகு இரண்டு வாளித் தண்ணீர். மறுபடியும் அதே தாள்.

இந்த முறை அது சப்பென்று வலையில் ஒட்டிக்கொண்டது. கூட்டம் விசில் அடித்தது.

எட்டு. ஏழு. முள் இறங்க இறங்க ஏலம் கூவுவது போல் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். நாலுக்கு வந்ததும் டீக்கடைக்காரர் கேட்காமலே இருசப்பனுக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

“எறா பொழச்சிடுச்சி,” என்றான் செல்லப்பன்.

“நீ?”

செல்லப்பன் வானத்தைப் பார்த்தான். “இந்நேரம் அந்தப் பொம்பளைய ஸ்டேஷன்ல நிறுத்தியிருப்பாரு.”

வெகு நேரம் கழித்து, முதல் தூறல் விழும்போது அம்பாசிடர் திரும்பி வந்தது. திக்கித் திக்கி வந்தது. பானட்டிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. இறங்கிய முதலாளியின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டீங்களா?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

முதலாளி, செல்லப்பன் முகத்தைப் பார்க்காமல் லாரி சாவியை அவன் பக்கம் வீசினார்.

“வேற டிரைவர் கெடைக்கல. நீயே எடுத்துகினு போ. எறா கெட்டுடப் போவுது.”

பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

“இருசப்பா, வண்டி ரொம்ப சூடாவுது. கேஸ்கெட் போயிருக்கும், இன்னான்னு பாரு.”

இருசப்பன் பானட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் இருந்த இடமே தெரியவில்லை. கை நிறைய உளுந்துச் செத்தையை அள்ளி அவர் முன்னால் நீட்டினான்.

“ஒரு தடவை ஏறினா இவ்ளோ சேராதே, முதலாளி.”