விடிய விடியக் கேட்ட ரசிகர்

"உண்மையச் சொல்லுட்டி, எந்தப் போன்ல ஓட விட்டிருக்கே?"

ஜெனின் மனைவியின் கைப்பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். சீப்பும் பஸ் டிக்கெட்டும்தான் விழுந்தன.

"ஒங்க பாட்டு ரெண்டு நிமிசம் கேட்டாலே எனக்குத் தலவலி வரும். இதுல ராத்திரி முழுக்க கேட்டேனாக்கும்!" என்றாள் ரெஜிஷா.

ராக் பாண்டை விட்டு வெளியே வந்து அவன் தனியாகப் போட்ட முதல் ஆல்பத்தை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவதை, ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் சுவரெல்லாம் பழைய மெத்தையை ஆணியடித்து, வேர்த்து ஊற்றப் பாடிப் பதிவு செய்தான். இதுவும் போனால் கிட்டாரை விற்றுவிட்டு, மச்சான் அனுப்பும் விசாவில் கத்தாருக்குப் போவதாகப் பேச்சு.

பாட்டை வெளியிட்ட கம்பெனியிலிருந்து காலையில் மெயில் வந்திருந்தது. கேட்பவர் ஒரே ஆள், ஒரே இடம். பொழுது சாய்ந்தால் தொடங்கி விடியும்வரை நிற்பதில்லை. ஆள் வைத்து எண்ணிக்கையை ஏற்றுகிறீர்களோ என்று சந்தேகம். உண்மையான ரசிகர்தான் என்று காட்டாவிட்டால் ஆல்பத்தையே தூக்கிவிடுவார்களாம்.

மனைவி இல்லையென்றால் ரெனிஷ். பழைய பாண்டில் டிரம்ஸ் அடித்தவன், பிரிந்ததிலிருந்து முகம் கொடுப்பதில்லை. ஆல்பத்தைத் தூக்க வைக்க இவ்வளவும் செய்வான். ஜெனின் போனில் அவனைப் பிடித்துக் கத்தினான்.

"ஒன்னக் கெடுக்கதுக்கு நான் எதுக்குலே? ஒனக்க பாட்டு போதாதா?" என்று சொல்லி ரெனிஷ் வைத்துவிட்டான்.

ரெஜிஷா கீழே கிடந்த சீப்பை எடுத்தாள். "மலையடியில இஸ்ரவேல் மாமா விளையில ஒங்க பாட்டு கேக்குன்னு பக்கத்து வீட்டு சுஜி சொன்னா. கேலி பண்ணுதான்னு நெனச்சேன்."

ஜெனின் பைக்கை எடுத்தான். பாதையின் இரண்டு பக்கமும் மரச்சீனிக் கிழங்குச் செடிகள் தோண்டப்பட்டு வேரோடு சாய்ந்து கிடந்தன. இஸ்ரவேலின் தோட்டத்தில் மட்டும் ஆள் உயரத்துக்குத் தழைத்து நின்றன. நடுவில் நின்ற பலா மரத்தில் குழாய் ஸ்பீக்கர், அதன் கீழே பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு போன்.

"மாமா, யாரு போடச் சொன்னா? ரெனிஷ் பைசா தந்தானா?"

"பைசாவா? நானில்லா மாசாமாசம் கட்டிக் கேக்கேன்!" இஸ்ரவேல் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "ஒனக்க மொத ஆல்பத்த பென் டிரைவுல ஏத்தி வருசம் முழுக்க ஓட்டினேன் மக்கா. இது அதவிட விசேசம். கடைசிப் பாட்டுல தொண்ட கிழிய ஒரு அலறு அலறுதியே, அதுக்கு ஈடு கெடையாது."

ஜெனின் அவர் முகத்தையே பார்த்தான். கேலியில்லை. அவசரமாக வீடியோவைப் போட்டு அவர் முன்னால் நீட்டினான்.

"மாமா, இத அப்பிடியே கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லுங்க. எதுக்கு விடிய விடியக் கேக்கியன்னு சொல்லுங்க."

இஸ்ரவேல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மொத ஆல்பத்துக்குக் காட்டுப்பன்னி பழகிட்டு சாரே, இதுக்கும் பழகுமுன்ன மூணாவத விடுங்க!"