மனைவிக்குத் தெரிவிக்கப்பட்டது

“குறை ஏதாவது இருக்கா?”

நீதிபதி அம்மா தலையை நிமிர்த்தாமல்தான் கேட்டார்.

காலையிலிருந்து அதே கேள்வி, அதே பதில். இவனுக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் “இல்லீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் பதினைந்து நாள் சிறைக்கு வரிசையாகப் போய்விட்டார்கள்.

இவனுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் எஸ்.ஐ. வேனில் ஏற்றினார். “குறையில்லைன்னு சொல்லீட்டு வா. மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரிகிறதே!

கோழிப்பண்ணை மோட்டாரில் செம்புக்கம்பியைக் காணோம். போன வாரம் அந்த மோட்டாரைப் பழுது பார்த்தவன் இவன். ஆகவே திருடனும் இவன்தான். விசாரணை அத்தோடு முடிந்தது. நேற்று மத்தியானம் இவன் ரிப்பேர் கடையிலிருந்து கூட்டிப்போனவர்கள், எதற்கென்றுகூடச் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் இவன் உட்கார்ந்த பெஞ்சுக்கு எதிரே ஒரு பலகை மாட்டியிருந்தது. கைது செய்யப்பட்டவரின் உரிமைகள். பாதியை பீரோ மறைத்திருந்தது. தெரிந்த பாதியில் ஒரு வரி இருந்தது. கைதான விவரத்தை அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

நாலு தடவை படித்தான். எழுந்து போய்க் கேட்டான்.

“எங்க அக்காவுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லணுங்க.”

ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் எழுதுவதை நிறுத்தாமலே சிரித்தார். “பார்றா, சட்டம் பேசறாரு!”

கூனிக்குறுகித் திரும்ப உட்கார்ந்துகொண்டான்.

இன்று கோர்ட் வராந்தாவில் இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் வந்தார். சின்ன வயசு. இரண்டே நிமிடம்தான் கிடைத்தது. இவன் அந்தப் பலகை வரியை அப்படியே ஒப்பித்தான்.

“அது அழகுக்கு மாட்டி வெச்சதில்லீங்க, சட்டம். அம்மா கேட்டா வாயத் தொறந்து சொல்லுங்க. பயப்படாதீங்க.”

பயப்படாதீங்களாம். சொல்கிறவருக்கென்ன! முதுகுக்குப் பின்னால் எஸ்.ஐ. நிற்கிறார்.

“குறை ஏதாவது இருக்கான்னு கேட்டேன்.”

“இருக்குதுங்கம்மா.”

நீதிபதி நிமிர்ந்தார்.

“என்னைப் பிடிச்சது எங்க வீட்டுக்கே தெரியாதுங்க. சொல்லச் சொல்லிக் கேட்டேன், சொல்லலீங்க. அக்கா எங்கெங்க தேடிட்டு இருக்குதோ.”

ஒருவழியாகச் சொல்லிவிட்டான்.

நீதிபதி தாள்களைப் புரட்டினார். “சொன்னதா எழுதியிருக்கே. ‘கைது விவரம் எதிரியின் மனைவிக்கு நேரில் தெரிவிக்கப்பட்டது.’”

எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன், அதாவது இவன். மனைவி?

வயது நாற்பத்தொன்று. பத்து வருடமாகப் பெண் தேடுகிறார்கள். ஏழு தரகர் மாறியாயிற்று. போகாத பரிகாரக் கோயில் இல்லை. “உனக்கு எப்பப்பா?” என்று கேட்டுக் கேட்டே ஊர்க்காரர்கள் இவனைக் கல்யாண வீடுகளுக்குப் போகவிடாமல் செய்துவிட்டார்கள். அந்தச் சங்கடத்தை இப்போது இத்தனை கறுப்புக் கோட்டுக்கு நடுவே தானே எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் சிறை.

“அம்மா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க.”

கோர்ட் சேவகர் டவாலி வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல்கள் வரிசை சிரித்தது.

இவனுக்குக் காது சுட்டது. பிறகுதான் கவனித்தான். எல்லாரும் எஸ்.ஐ.யைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய தாளைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதுவது ரைட்டரின் பழக்கம். யாரைப் பிடித்தாலும் மனைவிக்குத் தெரிவித்துவிடுவார். ஆம்பிளைக்குப் பெண்டாட்டி இல்லாமலா போவாள்!

“யாருங்க அந்த மனைவி?” நீதிபதி எஸ்.ஐ.யைக் கேட்டார். “எங்க போய்ப் பாத்துச் சொன்னீங்க?”

எஸ்.ஐ. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அந்தச் சட்ட உதவி வக்கீல் எழுந்தார். கைதுக்கான காரணத்தை எழுதித் தரவில்லை என்றார். இந்த மாதிரி வழக்கில் முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும், அதையும் செய்யவில்லை என்றார்.

நீதிபதி எழுதினார். எழுதியதைப் படித்தார். காவலுக்கு அனுப்ப முடியாது. வழக்கு நடக்கும், கூப்பிட்டால் வர வேண்டும். இன்று சொந்த ஜாமீனில் வீட்டுக்குப் போகலாம். இல்லாத மனைவிக்கு எப்படித் தெரிவித்தார் என்று எஸ்.ஐ. எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

வீட்டுக்குப் போகலாம்!

வராந்தாவுக்கு வந்ததும் சிரிப்பு வந்தது. வக்கீல் தன் போனை நீட்டினார்.

“எங்கடா போய்த் தொலைஞ்சே?” அக்கா அழுதுகொண்டே திட்டினாள். “ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடிட்டு இருக்கறேன்.”

ஒன்று விடாமல் சொன்னான். மனைவி கதை வந்ததும் அக்காவின் அழுகை நின்றது.

“உனக்குக் கல்யாணம் ஆகலைன்னு ஜட்ஜம்மாவே எழுதீட்டாங்களா?”

“ஆமாக்கா.”

“அந்தத் தாளுல ஒரு காப்பி வாங்கீட்டு வா சாமி. ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. இத்தன வயசுல ஏற்கெனவே ஒண்ணக் கட்டித்தான் இருப்பான்னு எவனோ கெளப்பிவிட்டுட்டான்.”

“திருட்டுக் கேசுன்னும் அதுல இருக்குமேக்கா.”

“இருக்கட்டும். கோர்ட்டுல நின்னு பேசிட்டு வந்த மாப்பிள்ளைன்னு நானே சொல்லிக்கறேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“சார், அந்த உத்தரவுல ஒரு நகல் கேக்கறதுக்கும் எனக்கு உரிமை இருக்குதுங்களா?”

“தாராளமா இருக்குது. நாளைக்கு நான்...”

அவன் அதற்குள் படியேறிவிட்டான். வாசலில் நின்ற எஸ்.ஐ. சற்று ஒதுங்கி வழிவிட்டார்.