முன்வாசல்

கணவன் கண்கட்டை அவிழ்த்தான். எதிரே உல்லாசக் கப்பல். அவள் முகம் கடுகடுத்தது.

"பிறந்தநாளும் அதுவுமா இங்கயா கூட்டிட்டு வருவாங்க?"

"நீ, நான், உன் தோழிங்க எல்லாரும் மூணு நாள் கடல்ல. வேண்டாம்னு மட்டும் சொல்லாதே!"

சலித்துக்கொண்டே கப்பலின் பின்பக்கக் கதவை நோக்கி நடந்தவளைப் பிடித்து இழுத்தான்.

"அங்க எங்க போற? இன்னிக்கு நமக்கு முன்வாசல்!"

மேல்தளத்தில் தோழிகள் கைதட்டி வரவேற்றார்கள். தலைமைச் சமையல்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கைகட்டி நின்றார்.

"என்ன சாப்பிடுறீங்க, மேடம்?"

பத்து வருடமாக அதே கப்பலின் அடித்தளச் சமையல்கட்டில், அதே தோழிகளோடு வெங்காயம் நறுக்கி, பொடியாக இல்லை என்று தினமும் அவரிடம் திட்டு வாங்கியவள், கடலைப் பார்த்துக் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"எதுவானாலும் சரி. வெங்காயத்தை மட்டும் பொடியா நறுக்கச் சொல்லுங்க!"