எல்லாரும் ஒன்றாக ஒரு நாள்

"பச்சப்புள்ள வாயை இப்படியா பொத்துவீங்க? நீங்க அப்பாவா, ஜெயில் வார்டனா?"

தையற்காரர் இரைந்து கேட்டதில் பேருந்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தனர். முதல் இருக்கையில் மடியில் மகனும் அருகில் மகளுமாக அமர்ந்திருந்த அந்த அப்பா, பையனின் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"கத்தப் போனான், அண்ணே. அதான்..."

"குழந்தைன்னா கத்தத்தான் செய்யும். காலையில நான் துணி கொடுக்கப் போறப்பவும் இதே பஸ், இதே சீட்டு. வேலையை முடிச்சுட்டுத் திரும்பறேன், இப்பவும் இங்கேயே இருக்கீங்க. எங்கதான் போறீங்க?"

"சும்மா, ஊர் சுத்திப் பார்க்கத்தான். நாளைக்கு ஸ்கூல் திறக்குது. லீவுல ஒரு நாளாவது எல்லாரும் ஒண்ணா வெளிய போகணும்னு பாப்பா ஆசைப்பட்டா."

"எல்லாரும்னா? இவங்க அம்மா எங்க?"

"வேலையில இருக்கா. லீவு கிடைக்கல."

"நல்லா இருக்கே! அவங்க மாடா உழைக்கறாங்க, நீங்க ஜன்னலோரமா காத்து வாங்கறீங்களா?"

பிறர் வீட்டு வழக்கில் தீர்ப்புச் சொல்வதென்றால் நம்மவர்க்குத்தான் எத்தனை சுறுசுறுப்பு! "பூங்காவுக்காவது கூட்டிட்டுப் போகலாம். ஊஞ்சல் இருக்கு, சறுக்கு மரம் இருக்கு" என்று பின்னிருக்கைக்காரர் எடுத்துக்கொடுத்தார். இன்னொருவர் உச்சுக்கொட்டினார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவருடைய சட்டையைப் பிடித்திழுத்துக் காதோடு சொன்னாள்: "சொல்லாதீங்கப்பா. சொன்னா அடுத்த தடவை விட மாட்டாங்க."

காதோடு சொன்னது தையற்காரரின் காதிலும் விழுந்தது.

"கேட்டீங்களா? பிள்ளைங்களை மிரட்டி வெச்சிருக்காரு! கண்டக்டர், இங்க கொஞ்சம் வாங்க!"

நடத்துநர் இந்தத் தடத்துக்கு அன்றுதான் மாறி வந்தவர். நியாயம் எந்தப் பக்கம் என்று ஆராய்வதைவிட, கூட்டம் எந்தப் பக்கம் என்று பார்ப்பது அவருக்கு எளிதாக இருந்தது.

"பாஸ் இருக்குன்னு நாள் பூரா சீட்டைப் பிடிச்சு வெச்சா எப்படி சார்? அடுத்த ஸ்டாப் பூங்கா. பிள்ளைங்களோட இறங்கிடுங்க."

"கடைசி ஸ்டாப் வரைக்கும் விட்டுடுங்க, சார். வேணும்னா நின்னுக்கிட்டே வர்றோம்."

"நாங்க சத்தமே போட மாட்டோம், மாமா" என்றாள் மகள். அதற்குள் அவளுடைய கண்கள் நிரம்பிவிட்டன.

பூங்கா நிறுத்தத்தில் பேருந்து நின்றது. ஏறுவாருமில்லை, இறங்குவாருமில்லை. தையற்காரர் தாமே எழுந்து பையனை நோக்கிக் கைகளை நீட்டினார். "வாடா ராஜா, மாமா ஊஞ்சல் காட்டறேன்."

பையன் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மகள் எதிரிலிருந்த கம்பியை இரு கைகளாலும் இறுகப் பற்றினாள்.

அவ்வளவுதான். கதவு படாரென்று மூடிக்கொண்டது, பேருந்து கிளம்பிவிட்டது. நின்றிருந்த தையற்காரர் தம் இருக்கையிலேயே தொப்பென்று விழுந்தார்.

"நான் இன்னும் விசிலே கொடுக்கலையே!" என்று நடத்துநர் கத்தினார். ஓட்டுநர் திரும்பியே பார்க்கவில்லை.

தையற்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாம் இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டுக் கடைசி நிறுத்தம்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "என்ன நடக்குதுன்னு பார்க்காம நான் போறதா இல்ல!"

கடைசி நிறுத்தம் வந்தது. இயந்திரத்தின் உறுமல் அடங்கியது. எல்லாரும் இறங்கினர், அந்த மூவர் மட்டும் அசையவில்லை. தையற்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவர்கள்முன் போய் நின்றார்.

"இனிமே போறதுக்கு ஊரே இல்ல. இப்பவாவது இறங்குவீங்களா?"

மகள் இருக்கைமேல் ஏறி நின்றாள். கம்பிக்கு மேலாக எக்கி, ஓட்டுநரின் தோளை மெல்லத் தட்டி, வழியெல்லாம் அடக்கிவைத்திருந்த குரலை அவிழ்த்துவிட்டாள்:

"அம்மா, வண்டி நின்னுடுச்சே. இப்பப் பேசலாமா?"