கோதண்டம் பார்த்த ரிப்பேர்

"மெக்கானிக்கைக் கூப்புடவா, வாணாவா? ஒரே வார்த்தையில சொல்லு கோதண்டம்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதட்டினார் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர் தசரதன்.

"வாணாண்ணா. அனுப்பம்பட்டுலேர்ந்து அவன் வந்து சேர்றதுக்குள்ள நானே பாத்துடுவேன்" என்றான் கோதண்டம், வண்டிக்கு அடியில் படுத்தபடி.

வேலியோரம் நின்ற அவன் மனைவி மனோரமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சர் ஒட்டக்கூட மெக்கானிக்குக்கு போன் போடுகிற மனுஷன், இன்றைக்கென்று பார்த்து ஸ்பேனரும் கையுமாகப் படுத்திருக்கிறான்! முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கட்டைவிரல் நகம் அளவு சிவப்பு ஃபியூஸ் உள்ளே பத்திரமாக இருந்தது.

காலையில் வண்டியிலிருந்து அதைப் பிடுங்கியவள் அவள்தான். "இந்தச் சிவப்பு போச்சுன்னா வண்டி கல்லு மாதிரி நின்னுடும்" என்று கோதண்டம் எப்போதோ காட்டியது நினைவிருந்தது. இன்று கையை விட்டபோது சிவப்பில் ஒன்றுதான் இருந்தது. சட்டென்று உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏரியில் வலை போட ஊருக்கு ஊர் இடமும் முறையும் உண்டு. அதைப் பாடு என்பார்கள். முந்தாநாள் இந்த ஊர்ப் பாடு இருந்த இடத்தில் தெற்குக் குப்பத்துக்காரர்கள் வலையை இறக்கிவிட்டார்கள். கேட்கப் போன இந்த ஊர்ப் பையன் வினோத்துக்கு மண்டை உடைந்தது. பதிலுக்கு இன்று மூன்று மணிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவதாக ஊர் கூடி முடிவு. படகில் போனால் தூரத்திலேயே பார்த்துவிடுவார்கள் என்று ரோட்டு வழி. மற்ற மீன் வண்டிகள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டன. மிச்சம் கோதண்டம் செகண்ட் ஹாண்டில் வாங்கிய இந்தக் குட்டி யானை வண்டி மட்டும்தான்.

தெற்குக் குப்பம் மனோரமாவின் தாய்வீடு. சண்டை என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிற தம்பி ரஞ்சித்குமார் அங்கேதான் இருக்கிறான். மாமன் கோதண்டத்தோடு கூடவே போய் இந்த வண்டியைப் பார்த்து வாங்கி, ஓட்டிக்கொண்டு வந்து விட்டவனே அவன்தான்.

வண்டி தர முடியாது என்று சொல்லவும் வழியில்லை. போன வருஷம் ஊர் சொல்லை மீறிய ஒருத்தனுக்கு ஆறு மாதம் பாடு கிடையாது. அவன் வீட்டுச் சாவுக்குக்கூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"மணி ரெண்டரை ஆவுது. ஏய், எல்லாரும் வாங்கடா! தள்ளி ஸ்டார்ட் பண்லாம்" என்றார் தசரதன்.

கட்டையும் துடுப்புமாக உட்கார்ந்திருந்த இருபது பேரும் எழுந்து வந்தார்கள். தள்ளினால் ஓடிவிடுமோ? மனோரமா வேலியை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயோ, டீசல் பைப்பை இப்பதாண்ணா கழட்டினேன்!" அடியிலிருந்து கத்தினான் கோதண்டம். டீசல் மணலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அறிவு கீதாடா உனுக்கு?"

கங்கையம்மாவுக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டாள் மனோரமா. தெரியாத வேலையில் கை வைக்கிற புருஷன் அமைவதிலும் ஒரு லாபம் இருக்கத்தான் செய்கிறது.

தசரதன் எரிச்சலில் ஜன்னல் வழியே கையை விட்டு ஹாரனைக் குத்தினார். சத்தமே இல்லை.

"ஹாரன் கூட அடிக்கலையே! பேட்டரியே பூட்ச்சா?"

கோதண்டம் விருட்டென்று வெளியே வந்தான். தானும் ஹாரனை அழுத்திப் பார்த்தான். மெதுவாகத் திரும்பி மனோரமாவை ஒரு பார்வை பார்த்தான். அவள் கை தானாக முந்தானை முடிச்சுக்குப் போனது. பிறகு குனிந்து, ஃபியூஸ் இருக்கும் இடத்துக்குள் கையை விட்டான்.

தொலைந்தது!

கொஞ்ச நேரம் துழாவிவிட்டுக் கையை எடுத்தான். "மீன் தண்ணி ஒழுகி ஒயரெல்லாம் உப்பு புடிச்சு கீதுண்ணா. எங்கியோ அறுந்திருக்குது. பின்னாடி லைட்டுலேர்ந்து ஒவ்வொண்ணா பாத்துனு வரணும்."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஆனால் அவன் விடுவதாக இல்லையே! தண்ணீர்ச் சொம்போடு கிட்டே போய்க் கிசுகிசுத்தாள். "யோவ், சொந்த மச்சான் மண்டைய உடைக்கவா உனுக்கு இம்மா அவசரம்? நீயெல்லாம் மனுஷனா?"

"தண்ணிய வச்சுட்டுப் போடி அந்தாண்ட" என்றான், முகத்தைக்கூடப் பார்க்காமல். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

மூன்றரைக்குத் தசரதனின் போன் அடித்தது. கேட்கக் கேட்க அவர் முகம் தொங்கிப்போனது.

"ரோட்டுல போலீஸ் வந்து நின்னுட்ச்சாம். நாளைக்குக் காலைல ரெண்டு ஊரையும் தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்ட்டு கீறாராம். போங்கடா எல்லாரும் வூட்டுக்கு." கோதண்டத்தை முறைத்தார். "நீயும் உன் வண்டியும்! பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாரு!"

கூட்டம் கலைந்தது. கடைசி ஆள் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோதண்டம் கையைத் துடைத்தபடி வந்தான்.

"எடுடி அத்த."

"எத்த?"

"முந்தானையில முடிஞ்சு வச்சுனு கீறியே, அத்த."

முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். "ஆமா, நாந்தான் புடுங்குனேன். அடிக்கிறதுன்னா அடிச்சுக்கோ. எனுக்கு இருக்கிறது ஒரே தம்பி."

"பைத்தியமே, இது ஹாரன் ஃபியூஸுடி. ஹாரன் அடிக்காதப்பவே உன் வேலைதான்னு புரிஞ்சுபோச்சு. அந்தப் பெட்டியில சிவப்பு மொத்தம் ரெண்டு."

லுங்கி மடிப்பைப் பிரித்து, இன்னொரு சிவப்பு ஃபியூஸை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான் கோதண்டம்.

"ஸ்டார்ட் ஆவுற ஃபியூஸை நீ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே நான் கழட்டிட்டேன். மெக்கானிக் வந்திருந்தான்னா ஒரே நிமிஷத்துல கண்டுபுடிச்சிருப்பான்!"