கிராணியாரின் மொபெட்

“இவளை இன்னைக்கே கோயிலை விட்டு அனுப்பணும். சாமி எண்ணெயில கை வைக்கிறவ நாளைக்கு உண்டியல்லயும் கை வைப்பா!”

மேசையை ஓங்கித் தட்டினார் செயலாளர் இராமலிங்கம். தேத்தண்ணி கிளாஸ் துள்ளி விழுந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி அவர், தலைமைக் குமாஸ்தா. ஆபீசில் தட்டித் தட்டிப் பழகிய கை.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில். ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டிக் கூட்டம்.

எதிரே வீரம்மா நின்றாள். கூட்டுவது, விளக்கு துலக்குவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் அவள்தான். புருஷன் செத்த பிறகு கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. வேலை போனால் அதுவும் போகும்.

கேரி தீவு எஸ்டேட் சனங்கள் நேர்த்திக்கடனுக்கு டின் டின்னாக விளக்கெண்ணெய் கொண்டுவந்து கொடுப்பார்கள். சன்னதி விளக்கு அதில்தான் எரியும். ராத்திரி ரொப்பி வைத்தால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் நிற்கும். இப்போது காலை ஏழு மணிக்கே அணைந்து போகிறது. ஸ்டோர் சாவியோ வீரம்மா இடுப்பில்.

“நான் ரொப்பித்தான் வைக்கிறேன் சார். காலையில குளிச்சிட்டு வந்து பாத்தா அடியில கொஞ்சம்தான் இருக்கு.”

“மீதியை முனியாண்டி குடிச்சிட்டாரா?”

கமிட்டி சிரித்தது. கிராணியார் ஜோக் அடித்தால் சிரித்துத்தான் ஆகணும். அதில் பாதிப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

“அதை எடுத்துட்டுப் போய் நான் என்ன சார் செய்வேன்? விளக்கெண்ணெயில வடை சுட்டா, தின்னவன் நாலு நாளைக்கு கக்கூஸை விட்டு வெளிய வரமாட்டான்!”

“பாத்தீங்களா இவ வாயை! எங்கேயோ விக்கிறா, வேற என்ன? தினமும் காலையில அஞ்சரைக்கெல்லாம் முதல் ஆளா வந்து சாமி கும்பிடுறவன் நான். எனக்குத் தெரியாதா இங்க நடக்கிறது?”

உண்மைதான். கொஞ்ச நாளாகக் கிராணியாருக்குப் பக்தி முற்றிப் போயிருந்தது. பக்தி மட்டுமா, வேகமும்தான்!

அறுபத்திரண்டில் வாங்கிய மொபெட் அவருடையது. பதினாறு வருஷமாக உருட்டுகிறார். கிள்ளான் பாலத்தில் ஏறும்போது ஐஸ்கிரீம்காரன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு முந்திப் போவான். ஒருநாள் அவருக்குக் கீழே வேலை செய்யும் பாலன், “முன்னால போறேன் சார்!” என்று புது ஹோண்டாவில் பறந்துவிட்டான். மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நேராக மெக்கானிக் அய்யாவு பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அய்யாவு சைலன்சரை நெருப்பில் போட்டுக் கரியை உதிர்த்தார். எஞ்சின் தலையை ராவி எடுத்தார். சங்கிலிப் பல்சக்கரத்தை மாற்றினார். கடைசியில் ஒரு யோசனையும் சொல்லி அனுப்பினார். இப்போது வண்டி பாலத்தில் அறுபதில் ஏறுகிறது. பாலன் பின்னால் புகை குடித்துக்கொண்டு வருகிறான்.

“எல்லாம் சாமி அருள் லா!” என்று கிராணியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

தலைவர் தம்புசாமி தொண்டையைச் செருமினார்.

“எதுக்கு இந்த வாக்குவாதம்? நம்ம வழக்கம் ஒண்ணு இருக்குல்ல? சூடம் அடிச்சு சத்தியம் பண்ணட்டும்.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, வீரம்மா சன்னதி முன்னால் போய் நின்றாள். சூடத்தை ஏற்றினாள்.

“நான் எடுத்திருந்தா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்!”

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அழவில்லை.

தலைவருக்கு மனசு கேட்கவில்லை. “அந்தப் பொம்பளை மட்டும் அடிச்சா நியாயமில்ல. கோயிலுக்குள்ள வந்து போற எல்லாரும் அடிப்போம். முதல்ல நான்.”

அடித்தார். கமிட்டியில் இருந்த மெக்கானிக் அய்யாவும் அடித்தார்.

“செயலாளர், வாங்க.”

கிராணியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அடடா, பத்து மணிக்குக் கப்பல் வருது! நான் போகலேன்னா ஒரு மூட்டை இறங்காது. சூடம் எங்க ஓடிப் போகுது, அடுத்த வாரம் அடிச்சாப் போச்சு. இவளை நிறுத்துற லெட்டர் டைப் பண்ணி வச்சிருக்கேன் தலைவரே, சைன் மட்டும் போட்டுடுங்க.”

வாசலுக்கு ஓடி மொபெட்டை மிதித்தார். மிதித்தார், மிதித்தார், வேட்டி அவிழ்கிற வரைக்கும் மிதித்தார். எஞ்சின் ரெண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. கமிட்டி முழுக்க வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிட்டது.

“நகருங்க சார், நான் பாக்குறேன்,” என்றார் அய்யாவு.

“வேணாம் வேணாம்! நான் தள்ளிட்டே போயிடுறேன்!”

“போர்ட் வரைக்குமா? கப்பல் திரும்பிப் போயிடும் சார்.”

அய்யாவு டாங்கிக்கு அடியில் இருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கினார். “பெட்ரோலே இறங்கல. என்னமோ அடைச்சிருக்கு.” கம்பியை விட்டு நெம்பி இழுத்தார். வழவழவென்று ஒன்று வெளியே வந்தது.

நுனி கருகிய விளக்குத் திரி.

கமிட்டி முழுக்க அதை எட்டிப் பார்த்தது. அய்யாவுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

“சார், ரேஸ் ஓட்டுறவங்க பெட்ரோல்ல விளக்கெண்ணெய் கலப்பாங்க, எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சின் இறுகாதுன்னு நான்தான் சொன்னேன். ஆனா மருந்துக் கடையிலதானே வாங்கச் சொன்னேன்!”

கிராணியார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “இப்ப என்ன கெட்டுப் போச்சு? கோயில் காரியத்துக்குத்தானே இந்த வண்டியில அலையிறேன்? சாமி வேலைக்கு சாமி எண்ணெய்!”

தம்புசாமி லெட்டரை நாலாகக் கிழித்தார்.

வீரம்மா வந்து அந்தத் திரியை வாங்கிப் பார்த்தாள். பிறகு கிராணியாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன் சார், திருடினதுதான் திருடினீங்க, வடிகட்டி ஊத்தக் கூடாதா?”